யாழ்ப்பாணக் கோட்டை: கல்லும் சட்டமும்

நம் ஊர் அறிவோம்



"கோட்டை" என்ற சொல்லைக் கேட்டால் மற்ற நாட்டுப் பெண்களுக்கு ராசாவும் ராணியும் நினைவுக்கு வரலாம். எங்கள் வயதுப் பெண்களுக்கு நினைவுக்கு வருவது செல் சத்தம்தான். கோட்டைப் பக்கமிருந்து செல் வருகிறது என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய காலம் அது. அந்தக் கோட்டையை ஒரு பழைய கட்டடமாக நின்று பார்க்க அன்று யாருக்கும் மனமும் இருக்கவில்லை, வழியும் இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. பண்ணைக் கடலோரம் மாலை வேளைகளில் பிள்ளைகள் கோட்டை மதில்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள். "அம்மா, இதை ஆர் கட்டினது? ஏன் இப்படி மூலை மூலையாகக் கட்டினவை?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? போர் நடந்த இடம் என்று மட்டும் சொன்னால் போதாது. நானூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை அங்கே இருக்கிறது. அந்தக் கதையில் நம் பெண்களின் காணி உறுதியோடு தொடர்புள்ள ஒரு பகுதியும் இருக்கிறது. அதையும் சேர்த்து இம்மாதம் பார்ப்போம்.

அரசர் இருந்தது நல்லூரில்

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். இப்போது நாம் காணும் கோட்டை தமிழ் அரசர் கட்டியது அல்ல. யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரம் நல்லூர். ஆரியச்சக்கரவர்த்திகள் என்று வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். நாலு பக்கமும் மதில் எழுப்பி, வாசல்கள் வைத்து, மாளிகையும் பூங்காவும் நீராடும் மண்டபமும் அமைத்து நல்லூர் நகரம் உருவாக்கப்பட்டது என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அந்நூல் ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவரால் எழுதப்பட்டது.

அந்த நகரத்துக்கு நாலு திசையிலும் காவலாகக் கோயில்கள் இருந்தன. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசப் பிள்ளையார். இந்தப் பெயர்களில் இன்றும் நல்லூரில் கோயில்கள் இருக்கின்றன. நாம் நேர்த்தி வைத்துக் கும்பிடும் இந்தக் கோயில்களை மனதில் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் பழைய அரச நகரத்தின் எல்லை ஓரளவு தெரிந்துவிடும்.

அரண்மனையாக இன்று மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, ப வடிவில் கட்டப்பட்ட யமுனா ஏரி என்ற கேணி ஆகியவற்றைக் காட்டுவார்கள். யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து அந்தக் கேணியில் கலந்தார்கள் என்பது ஐதீகம். மந்திரிமனைக் கட்டடத்தில் ஒல்லாந்தர் காலத்து வேலைப்பாடு தெரிகிறது. எனவே அது அரசர் காலத்திலிருந்து அப்படியே வந்த கட்டடம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மக்கள் மனதில் அரசரின் நினைவு அந்த இடங்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த அரசு பல தடவை விழுந்தும் எழுந்தும் வந்தது. 1450இல் கோட்டை இராச்சியத்து ஆறாம் பராக்கிரமபாகுவுக்காகச் செண்பகப்பெருமாள் நல்லூரைக் கைப்பற்றினார். 1467இல் கனகசூரிய சிங்கையாரியன் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 1560இல் போர்த்துக்கேயர் கோவாவிலிருந்து பெரும் கப்பற்படையோடு வந்து நல்லூருக்குள் புகுந்தார்கள். மக்கள் கிளர்ந்து எழுந்ததால் நிலைக்க முடியாமல் திரும்பி, மன்னாரில் கோட்டை கட்டிக்கொண்டார்கள். 1591இல் மீண்டும் வந்து அரசரைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தங்கள் சொற்கேட்கும் அரசராக இருத்தினார்கள். 1619இல் பிலிப் தே ஒலிவேறா என்ற தளபதி கடைசி அரசர் சங்கிலி குமாரனைப் பிடித்தார். அரசர் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். அத்தோடு யாழ்ப்பாண அரசு முடிந்தது.

கடற்கரைக்குப் போன தலைநகரம்

வெற்றி பெற்ற ஒலிவேறா முதலில் நல்லூரில்தான் இருந்தார். ஆனால் நல்லூர் கடலிலிருந்து தள்ளி இருந்தது. சுற்றிவர இருந்தவர்கள் எல்லாரும் தோற்கடிக்கப்பட்ட மக்கள். அவர்கள் எழும்பினால் தப்பி ஓட வழியில்லை. ஆளும் இடத்தைப் பரவைக் கடலோரம் மாற்றினால் கப்பலில் ஆளும் உணவும் வரும், ஆபத்து என்றால் கப்பலிலேயே போகலாம். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. இன்றைய யாழ்ப்பாண நகரம் பெருநகரமாக வளர்ந்ததற்குத் தொடக்கம் இந்த இடமாற்றம்தான்.

1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. முத்திரைச்சந்தியில் இன்று தேவாலயம் நிற்கும் இடத்திலேயே அந்தப் பழைய கோயில் இருந்தது என்பர். இடித்த கோயில்களின் கற்கள் கோட்டை கட்டக் கொண்டுபோகப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இதற்குத் துணையாக ஒரு சான்றும் உண்டு. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுள்ள தூண் துண்டு ஒன்று கோட்டைக்குள் கண்டெடுக்கப்பட்டது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து வெளியிட்டார். கோட்டை கட்டுவதற்கு ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முந்திய கல் அது.

போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நாற்சதுரமானது. அற்புத மாதாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். உள்ளே மாதா கோயிலும் இருந்தது. 1658இல் ரைக்லோவ் வன் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை நீடித்தது. பசியும் நோயும் உள்ளே இருந்தவர்களை வாட்டின. யூன் மாதம் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். அதே ஆண்டில் நாகபட்டினமும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே கொம்பனியின் கீழ் வந்தன.

ஐந்து முனைக் கோட்டை

ஒல்லாந்தர் நாற்சதுரக் கோட்டையை வைத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ஐங்கோண வடிவில் புதுக்கோட்டை எழுப்பினார்கள். உட்பகுதி வேலை 1680 அளவில் முடிந்தது. வெளிப்பகுதி முழுதாக முடிந்தது 1792இல்தான்.

ஏன் ஐந்து மூலை? நாம் வாசலில் போடும் நட்சத்திரக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். கோலத்தின் ஒவ்வொரு முனையிலும் நின்று பார்த்தால் பக்கத்து முனையின் ஓரம் தெளிவாகத் தெரியும். கோட்டையும் அதே கணக்கில் அமைந்தது. பழைய காலத்து வட்டக் கோபுரத்தின் அடியில் எதிரி வந்து ஒட்டிக்கொண்டால் மேலே நிற்பவனுக்கு அவனைத் தெரியாது. அம்பு முனை போல வெளியே நீண்ட கொத்தளம் கட்டினால் அந்த மறைவிடம் இல்லாமற் போகும். ஒரு கொத்தளத்தின் அடியில் வருபவனை அடுத்த கொத்தளத்துப் பீரங்கி அடிக்கும். ஐந்தும் ஒன்றை ஒன்று காவல் காக்கும்.

இந்த ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தங்கள் சொந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். ஒல்லாந்து, சீலாந்து, உத்ரெக்ற், கெல்டர்லாந்து, பிறீஸ்லாந்து என்பன அப்பெயர்கள். ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தவர்கள் சொந்த ஊர்ப் பெயரை மதிலுக்கு வைத்து மனம் ஆறியிருக்கிறார்கள் போலும். இடம்பெயர்ந்து போன இடத்தில் கொட்டிலுக்கு ஊர்ப்பெயர் எழுதி வைத்த நமக்கு அந்த மனம் விளங்கும். ஆனால் ஒரு வித்தியாசம். நாம் துரத்தப்பட்டுப் போனோம். அவர்கள் பிடிக்க வந்தார்கள்.

மதிலுக்கு வெளியே அகலமான அகழி. அகழிக்கு அப்பால் முக்கோண வடிவில் தனித்தனிக் காவல் அரண்கள். அவற்றுக்கும் அப்பால் சரிவாகக் கொட்டிய மண்மேடு. தூரத்தில் இருந்து வரும் பீரங்கிக் குண்டு மண்மேட்டில் புதைந்துவிடும், மதிலில் நேரே படாது. கிட்ட வரும் எதிரி ஒதுங்க ஒரு மரமோ வீடோ இல்லாத வெளியில் நிற்க வேண்டிவரும். ஒரு பக்கம் பரவைக் கடல் தானே காவல்.

இந்தியாவில் அரசர் கோட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும். செஞ்சிக் கோட்டை மூன்று மலைகளை இணைத்துக் கட்டப்பட்டது. ஏறுவதற்கே மூச்சு வாங்கும். வேலூர்க் கோட்டை கருங்கல்லால் ஆனது, சுற்றி அகழியும் உண்டு. நமது கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்ட பின் சிறை வைக்கப்பட்டு 1832இல் இறந்தது அந்த வேலூரில்தான். அந்தக் கோட்டைகளில் மலையும் பாறையும் காவல் காத்தன. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, கருங்கல்லும் இல்லை. தட்டையான மண். ஆகவே இங்கே உயரத்தை நம்பாமல் மூலைக் கணக்கையும் மண்ணையும் நீரையும் நம்பிக் கட்டினார்கள்.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும்

கோட்டை மதிலில் கையை வைத்துப் பாருங்கள். சொரசொரப்பாக, சிறு துவாரங்களோடு இருக்கும். கடலில் விளைந்த முருகைக்கல் அது. கிட்டப் பார்த்தால் பூப்போலவும் மூளை மடிப்புப் போலவும் கோலங்கள் தெரியும். நம் ஊரில் பழைய வீட்டு மதில்களிலும் கிணற்றுக் கட்டிலும் இந்தக் கல்லைக் காணலாம். நெடுந்தீவில் வேலி முழுக்க இந்தக் கல்லை அடுக்கியே அமைத்திருக்கிறார்கள்.

இந்தக் கற்களை ஒட்ட வைத்தது சீமெந்து அல்ல, சுண்ணாம்புச் சாந்து. முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் எரித்து நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கும். மணலோடு குழைத்துப் பூசினால் மெல்ல மெல்ல இறுகும். சுண்ணாம்பு மூச்சு விடும் என்று கொத்தனார்மார் சொல்வார்கள். சுவருக்குள் போன ஈரமும் உப்பும் வெளியே வர அது இடம் கொடுக்கும். பழைய முருகைக்கல் சுவரில் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துக் கல்லே உதிர்ந்துவிடும். கோட்டைக்கு மட்டுமல்ல, பேத்தி காலத்துக் கல்வீட்டைத் திருத்த நினைக்கும் சகோதரிகளுக்கும் இது பயன்படும் செய்தி. மேசனுடன் பேசும்போது இதைக் கேளுங்கள்.

இவ்வளவு கல்லையும் சுமந்தது யார்? ஒல்லாந்தர் காலத்தில் "ஊழியம்" என்று ஒரு முறை இருந்தது. குறிப்பிட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் வருடத்தில் சில நாட்கள் கூலியின்றி அரசாங்கத்துக்கு வேலை செய்ய வேண்டும். அடிமைகளும் வேலை வாங்கப்பட்டார்கள். கொத்தளங்களுக்கு மாகாணப் பெயர் உண்டு. கட்டளையிட்ட தளபதிமாரின் பெயர் புத்தகங்களில் உண்டு. கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆம்பிளை ஊழியத்துக்குப் போன நாட்களில் வீட்டு அடுப்பை எரியவைத்த பெண்களைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

கோட்டைக்குள் இருந்தவை

கோட்டை போர் வீரர் தங்கும் இடம் மட்டுமல்ல. யாழ்ப்பாணம், மன்னார், வன்னி முழுவதையும் ஒல்லாந்தர் ஆண்ட அலுவலகம் அது. வன்னியில் பிடித்த யானைகளின் ஏற்றுமதி, சாயவேர், புகையிலை, பனைமரச் சட்டம் எல்லாவற்றின் கணக்கும் இங்கே எழுதப்பட்டது. யாருக்கு எந்தக் காணி, எவ்வளவு வரி என்பதைத் தோம்பு என்ற ஏட்டில் பதிந்தார்கள்.

1706இல் கோட்டைக்குள் ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள். நாலு கையும் ஒரே அளவான சிலுவை வடிவம். நிலத்தில் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஆளுநர் தங்கும் மாளிகையும் இருந்தது. பின்னாளில் சிறைச்சாலையும் கோட்டைக்குள் வந்தது.

1795 செப்ரெம்பரில் ஆங்கிலேயர் வந்தார்கள். வெளிமதில் வேலை முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை பெரிய சண்டை ஒன்றுமில்லாமல் கைமாறியது. எத்தனை பெரிய மதிலும் உள்ளே நிற்பவனின் பலம் போனால் வெறும் கல்தான்.

மதிலை விட நிலைத்த சட்டம்

சகோதரிகளே, ஒல்லாந்தர் இங்கிருந்து ஆண்டபோது செய்த இன்னொரு வேலை கல்மதிலை விட உறுதியாக நின்றுவிட்டது. நம் மக்களின் சொத்து, சீதனம், உரிமை பற்றிய வழமைகளைத் திரட்டி எழுதும்படி ஆளுநர் சைமன்ஸ் கட்டளையிட்டார். யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுதி 1707இல் கொடுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலிமாருக்குக் காட்டப்பட்டது. சரி என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதுதான் தேசவழமைச் சட்டம். 1806இல் ஆங்கிலேயர் இதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

அந்த 12 பேரும் ஆண்கள். சீதனம் யாருக்கு, தாயின் சொத்து யாருக்கு என்பது பெண்களைப் பற்றிய கேள்வி. ஆனால் ஒரு பெண்ணிடமாவது கேட்டதாகச் செய்தி இல்லை.

இந்த வழமையில் பெண்ணுக்கு நல்ல பகுதியும் உண்டு. சீதனம் பெண்ணின் சொத்து. தாயின் சீதனம் மகளுக்குப் போகும் என்பது பழைய முறை. உலகில் பல நாட்டுப் பெண்கள் தங்கள் பெயரில் ஒரு முழக் காணியும் வைத்திருக்க முடியாத காலத்திலேயே நம் பெண்ணுக்குக் காணி இருந்தது.

ஆனால் இடறலும் அங்கேயே இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையும் சொத்தைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம். மரண சாசனம் எழுதவும் கணவனிடம் கேட்கத் தேவையில்லை. ஆனால் காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவளுடைய சீதனக் காணியாக இருந்தாலும் இதே கதைதான்.

கணவன் பக்கத்தில் இருக்கும் காலத்தில் இது ஒரு கையெழுத்து. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கு இது ஒரு பெருமதில். அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க மனம் வராது. இருக்கிறார் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கவும் முடியாது. பிள்ளையின் படிப்புக்கோ மகளின் கலியாணத்துக்கோ தன் சொந்தக் காணியை எழுத முடியாமல் போருக்குப் பின் நம் பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

இந்த மதிலிலும் ஒரு வாசல் உண்டு. அதே சட்டத்தில், கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நீதிமன்றம் அனுமதித்தால் கணவனின் சம்மதம் இல்லாமலே காணியை எழுதலாம். அதோடு, 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் ஒன்று, காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்காமல், அவர் இல்லாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறுவதற்கு வழி செய்தது. தரகர் சொல்வதைக் கேட்டு வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் உங்கள் உறுதியைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

"வழமை என்றால் மாற்ற ஏலாது" என்று சிலர் சொல்வார்கள். தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் எழுதப்பட்டிருந்தன. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அந்த விதிகள் செத்துப்போயின. தேடியதேட்டம் பற்றிய விதிகள் 1947இல் திருத்தப்பட்டன. எழுதினவர்கள் மனிதர்கள். திருத்தினவர்களும் மனிதர்கள்தான்.

செல்லடிக் காலம்

கோட்டையின் பிற்காலக் கதையைப் பலரும் உடம்பாலேயே படித்தவர்கள். 1980களில் அது இராணுவ முகாம். சுற்றிவர இருந்த கடைத்தெருவும் வீடுகளும் செல்லடியில் நொறுங்கின. 1987இல் வந்த இந்தியப் படையும் அங்கே நிலைகொண்டது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே படையினரும் பொலிசாரும் அகப்பட்டுக் கிடந்தார்கள். வெளியே நகரத்தின்மேல் விமானங்கள் குண்டு போட்டன. 1658இல் போலவே மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை நடந்தது. செப்ரெம்பர் 26ஆம் திகதி படையினர் கோட்டையை விட்டு வெளியேறினார்கள்.

அந்தச் சண்டையிலும் அதன் பின்னரும் கோட்டை பெரிதாக அழிந்தது. 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் கல்மேடாகியது. ஒரு மாதம் கழித்து, ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் எடுத்ததோடு போன அந்தச் சகோதரிகளின் கதையும் இந்த நகரத்தின் கதைதான். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் செம்மணிப் பாதையால் நடந்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் இராணுவம் நகரத்தையும் கோட்டையையும் பிடித்தது.

மண்ணுக்குள் இருந்து வந்தவை

2009இல் போர் முடிந்த பின் நெதர்லாந்து அரசின் நிதி உதவியோடு தொல்பொருள் திணைக்களம் கோட்டையைத் திருத்தத் தொடங்கியது. ஒரு காலம் இங்கே பிடித்து ஆண்ட நாடு, அந்தக் கோட்டையைத் திருத்தக் காசு கொடுத்தது. மதிலும் அகழியும் வாசலும் ஓரளவு பழைய உருவுக்கு வந்தன. தேவாலயம் மீளவில்லை. அதன் இடிபாடு இன்றும் கிடக்கிறது.

கோட்டைக்குள் அகழாய்வும் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணமும், பின்னர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதில் ஈடுபட்டார்கள். சீனத்துப் பீங்கான் ஓடுகளும், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய இந்திய வணிகத்தோடு வந்த ரூலெற்றெட் என்ற மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. போர்த்துக்கேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் கப்பல் வந்து போயிருக்கிறது, மக்கள் குடியிருந்து சமைத்து உண்டிருக்கிறார்கள் என்பதை அந்த ஓடுகள் காட்டுகின்றன.

இதைக் கவனியுங்கள் சகோதரிகளே. பீரங்கிக்காரன் பெயரைப் புத்தகம் சொன்னது. அதற்கும் முந்திய வாழ்க்கையைச் சொன்னது உடைந்த சட்டி பானை. அடுப்படியில் புழங்கிய பொருள்தான் ஊரின் வயதை நிரூபித்தது.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போங்கள். வெயில் சரிந்த பிறகு போவது நல்லது, மதில்மேல் நிழல் இல்லை. ஓரத்தில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து கொத்தளங்களையும் எண்ணச் சொல்லுங்கள். முருகைக்கல்லில் பூக்கோலத்தைத் தேடச் சொல்லுங்கள். கல்லைப் பெயர்க்கவோ பெயர் கிறுக்கவோ விடாதீர்கள்.

அங்கே போக மனம் இடம் கொடாத சகோதரிகளும் இருப்பீர்கள். அந்த மதிலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் என்றால் போகத்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளையைப் பெரியம்மாவுடனோ ஆசிரியருடனோ அனுப்பலாம். கதையை வீட்டு விறாந்தையில் இருந்தே சொல்லலாம்.

எங்கள் மாதர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பேத்திமார் சொல்லும் இடப்பெயர்வுக் கதைகளை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பாதை, என்ன கொண்டு போனீர்கள், எங்கே தங்கினீர்கள், திரும்பி வந்தபோது என்ன மிஞ்சியிருந்தது என்று கேளுங்கள். கோட்டையைக் கட்டினவன் எழுதி வைத்தான், அதனால் அவன் கதை நிற்கிறது. கல் சுமந்தவன் எழுதவில்லை, அவன் கதை போய்விட்டது. நம் கதையும் அப்படிப் போய்விடக் கூடாது.

கடைசியாக ஒன்று. இந்த மாதம் அலுமாரியைத் திறந்து உங்கள் காணி உறுதியை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, சீதனமா, முதுசமா, தேடியதேட்டமா என்று வாசித்துப் பாருங்கள். உறுதி இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். வாசிக்கக் கஷ்டம் என்றால் படித்த மகளை இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அவளும் தெரிந்து கொள்ளட்டும்.